இரண்டாம் கம்பம்

அக்டோபர் 22, புதன்

சோலைப்பாறை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கோத்தகிரியில் ஜீப் ஏறியபோது பிடித்த மழை இன்னும் விடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய தீபாவளி முறுக்கு அத்தனையும் பொடியாகிவிட்டது. ஸ்பூனால் அள்ளித் தின்றேன். நன்றாகத்தான் இருக்கிறது.

தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸை ஒட்டி எனக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்களின் லயன் வீடுகள். வீடுகளுக்கு மேலே செங்குத்தாகத் தேயிலைச் சரிவு. அந்தச் சரிவில்தான் எங்கள் கம்பெனி நான்கு இரும்புக் கம்பங்களை நட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு சென்சார் பெட்டி, கம்பம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். ஒரே கேபிள் நான்கையும் தொட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வருகிறது. மண் நகர்ந்தால் கம்பம் சாயும். ஐந்து டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கம்ப்யூட்டர் சைரனை அலற விடும்.

போன மாதம் அலறியது. கொட்டும் மழையில் லயனே வெளியே ஓடியிருக்கிறது. சின்னக்கருப்பன் என்ற பெரியவர் படியில் சறுக்கிக் கையை ஒடித்துக்கொண்டார். மலையோ அசையவே இல்லை. அதனால்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

மேனேஜர் போஜராஜ் கை குலுக்கிவிட்டு முதலில் கேட்டது: "நீங்க சைரனை சரி பண்ண வந்தீங்களா, நிறுத்த வந்தீங்களா?"

"சரி பண்ண, சார்."

"எங்க ஜனங்க நிறுத்தச் சொல்லித்தான் கேக்கறாங்க."

இதையெல்லாம் நட்டு, புரோகிராம் எழுதியது ரமணன். ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு பெங்களூரு போய்விட்டான். அவ்வளவுதான்.

அக்டோபர் 23, வியாழன்

ஒன்றும் இரண்டும் பேசுகின்றன. மூன்றும் நான்கும் வாயே திறக்கவில்லை.

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் பிரான்சிஸை அழைத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். நாற்பது வயது மனிதர், கேபிளைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். அட்டைக் கடிக்குக் காலில் உப்பும் மூக்குப்பொடியும் தடவச் சொன்னார். தடவினேன். அட்டை காலை விட்டுவிட்டுக் கழுத்துக்கு வந்தது.

இரண்டாம் கம்பத்துக்கும் மூன்றாம் கம்பத்துக்கும் நடுவே கேபிளில் ஒரு ஒட்டு. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டே கம்பிகள், வெள்ளை, நீலம். இந்தப் பக்க வெள்ளை அந்தப் பக்க நீலத்தோடு.

"இது யாருங்க ஒட்டினது?"

"நான்தான் மேடம். காட்டுப்பன்னி கடிச்சுப் போட்டுது. ரெண்டு ஒயர் இருந்துச்சு, ரெண்டையும் சேர்த்தேன். பல்புக்கு எப்படி மாத்திக் குடுத்தாலும் எரியுமே?"

நியாயமான கேள்வி. இதில் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே எது உயர்வு, எது தாழ்வு என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்கிறது, மாற்றினால் எல்லாமே தலைகீழ் என்றேன். அந்த இடத்திலேயே மாற்றி ஒட்டினோம். கீழே வந்து பார்த்தால் மூன்றாம் கம்பம் எண் சொல்லிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவு தூரத்துல இருந்து அதுவா மேடம் பேசுது?"

"அதுதாங்க."

அக்டோபர் 24, வெள்ளி

நான்காம் கம்பமும் பேசுகிறது. ஆனால் உளறுகிறது. திரையில் கட்டம், கேள்விக்குறி, சீன எழுத்து மாதிரி ஏதோ.

அக்டோபர் 25, சனி

உளறலுக்குக் காரணம் வேகம். கம்பம் நிறுத்தி நிதானமாகச் சொல்வதைக் கம்ப்யூட்டர் இரட்டிப்பு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தை இரண்டாக வெட்டிப் படித்தால் சீனம்தான் வரும். கேட்கும் வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பாதி வேகத்துக்கு இறக்கியதும் கட்டங்கள் மறைந்து சுத்தமாக ஒரு எண் வந்து நின்றது. அந்த நொடிக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். நடுவில் பெட்டியை மாற்றியிருக்கிறார்கள், புதுப் பெட்டி வேறு வேகத்தில் வந்திருக்கிறது. பெட்டியின் வேகத்தைக் கூட்டி மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன்.

கம்பெனி சார் போனில், "ரமணனைக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பானேம்மா" என்றார். இங்கே சிக்னல் சரியில்லை என்றேன்.

பிறகு அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன்.

அக்டோபர் 27, திங்கள்

எனக்குச் சாப்பாடு கொண்டுவருவது யோகேஸ்வரி அக்கா. லயனில் முதல் வீடு, கொழுந்து பறிக்கும் வேலை. அவருடைய அப்பா அம்மா இலங்கையிலிருந்து இங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இன்று தேங்காய் ரொட்டியும் சம்பலும். காரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

"இந்த ஊதலை நிப்பாட்டிட்டீங்களா புள்ள?"

"இன்னும் இல்லக்கா. ஏன் ஊதிச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

"ஏன்னு தெரிஞ்சு என்ன? ஊதாம இருந்தா போதாதா?"

"காரணம் தெரியாம நிறுத்தினா, நெஜமா ஊத வேண்டியப்ப ஊதாதே?"

யோசித்தார். "அது சரிதான். ஆனா எங்க மாமனாருக்கு அதைச் சொல்லிராதீங்க. கட்டுப் போட்ட கையாலயே அடிப்பாரு." சின்னக்கருப்பன் இவருடைய மாமனார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று நல்ல வேட்டை.

போன மாதம் சைரன் அலறியபோது ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது என்றார் பிரான்சிஸ். அப்படியென்றால் ஃபேக்டரியிலேயே தேடுவோம் என்று, சைரன் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அவரை மோட்டார்களின் ஸ்விட்ச் பக்கம் நிறுத்தினேன். நான் திரைக்கு முன்னால். கத்திப் பேசிக்கொண்டோம்.

"உருட்டுற மெஷின் போட்டாச்சு மேடம்!"

ஒன்றுமில்லை.

"சலிக்கிற மெஷின்!"

ஒன்றுமில்லை.

"டிரையர் ஃபேன்!"

முதல் கம்பம் அறுபத்தொரு டிகிரி சாய்ந்திருப்பதாகத் திரை சொன்னது. ஜன்னலில் பார்த்தேன். கம்பம் நட்டக்குத்தலாக நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் நாலு தடவை போட்டு நிறுத்தச் சொன்னேன்.

அந்தப் பெரிய மோட்டார் கிளம்பும்போது பக்கத்திலேயே ஓடும் கேபிளில் இரைச்சல் ஏறுகிறது, எண்ணின் ஒரு எழுத்து கெடுகிறது. ஆனால் ஒவ்வொரு பதிலின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது, எழுத்து கெட்டால் அது ஒத்துப்போகாது. அதைப் பார்த்தாலே கெட்ட பதிலைத் தூக்கி எறிந்துவிடலாம். ரமணனின் புரோகிராம் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்: "சரிபார்ப்பு — பிறகு."

அவன் புரோகிராம் பூராவும் இந்தப் "பிறகு" இருக்கிறது. எதையும் மாட்டேன் என்று சொல்கிற ஆளில்லை அவன்.

அக்டோபர் 30, வியாழன்

கேபிளை மோட்டாரிலிருந்து தள்ளி வேறு சுவர் வழியாகக் கொண்டுபோனோம். கேபிளின் மேலுறைக் கம்பியை, இரைச்சல் இறங்கிப்போகும்படி, ஒரு முனையில் மட்டும் மண்ணில் இறக்கினோம். சரிபார்ப்பும் எழுதிவிட்டேன். டிரையர் ஃபேனை எத்தனை தடவை போட்டாலும் நான்கு கம்பமும் ஆடாமல் அசையாமல் எண் சொல்கின்றன.

போஜராஜ் வந்து நின்று பார்த்தார். "இனிமே சும்மா கத்தாதே?"

"கத்தாது சார்."

"நல்லது. சனிக்கிழமை ஜீப் கீழே போகுது. உங்களுக்கு இடம் சொல்லி வைக்கறேன்."

அக்டோபர் 31, வெள்ளி

மழை வலுத்துவிட்டது. பையைக் கட்டிவிட்டு, வேறு வேலை இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் கம்பத்தில் ஒரு வேடிக்கை. காலையில் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. பொழுது சாயும்போது அரை டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நேற்றும் இப்படித்தான். ஆனால் இன்று காலை மறுபடியும் பூஜ்யம்.

மற்ற மூன்றும் இப்படிச் செய்யவில்லை.

வெயில் பட்டுப் பெட்டி சூடானால் எண் கொஞ்சம் நகரும். அதுவாக இருக்கலாம். ஆனால் நான் வந்ததிலிருந்து இங்கே வெயிலையே பார்க்கவில்லை.

நவம்பர் 1, சனி

ஜீப் போய்விட்டது. நான் போகவில்லை.

காலையில் ஆறு மணிக்கு முன்பே திரைக்கு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டாம் கம்பம் நேற்றைய அரை டிகிரியையும் தாண்டி நின்றது. ஆறு அடித்தது. பூஜ்யம். கம்பம் ஒரே நொடியில் நிமிர்ந்துவிட்டதாம்!

நிமிர்த்தியது புரோகிராம். தேடிப் பிடித்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, அப்போது எந்த எண் இருந்தாலும் அதையே புதிய பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் குறிப்பு: "சூட்டு நகர்வு. பிறகு பார்க்கவும்."

வெளியே போய் ஃபேக்டரி வாசலில் நின்றேன். மலை தினமும் அரை டிகிரி நகர்ந்தாலும் இந்தப் புரோகிராம் ஒரு நாளும் வாய் திறக்காது. ஐந்து டிகிரியை அது பார்க்கவே பார்க்காது.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"மங்கை?"

"காலைல ஆறு மணிக்கு எதுக்குப் பூஜ்யம் ஆக்கினே?"

"...நல்லா இருக்கியா?"

"பூஜ்யம், ரமணா."

"சோலைப்பாறையா? அங்க நீயா போயிருக்கே?" அப்புறம் தொழில் குரலுக்கு வந்தான். "நட்டது மார்ச் மாசம். நல்ல வெயில். பெட்டி சூடாகி மத்தியானம் ஏறும், ராத்திரி இறங்கும். அதுக்காகப் போட்டது. மழைக்கு முன்னாடி எடுத்துடணும்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள போயிட்டே."

"எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"ஏறி இறங்குதா?"

"ஏறிட்டேதான் இருக்கு."

"அப்ப அது சூடு இல்ல மங்கை. பெட்டி கெட்டிருக்கணும், இல்லேன்னா... பெட்டியை மாத்திப் பாரு."

"பெட்டியைத்தான் மாத்தப் போறேன்" என்று நானும் அதே சமயத்தில் சொன்னேன். இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். நான் கிளம்பி வரட்டுமா என்றான். போனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டிய பிரான்சிஸை மலையேற வைத்துவிட்டேன். இரண்டாம் கம்பத்தின் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து ஃபேக்டரியின் சிமெண்டுத் தரையில் வைத்தோம். கொண்டுவந்திருந்த உபரிப் பெட்டியைக் கம்பத்தில் மாட்டினோம். பூஜ்யம் ஆக்கும் வரியை அழித்தேன். இனி காத்திருக்க வேண்டியதுதான். பெட்டி கெட்டிருந்தால் தரையில் இருப்பது நகரும்.

துணி துவைத்தேன். காயாது என்று தெரிந்தே துவைத்தேன்.

மாலை. தரையில் இருக்கும் பெட்டி கல் மாதிரி இருக்கிறது. கம்பத்தில் மாட்டிய புதுப் பெட்டி அரை டிகிரி ஏறிவிட்டது.

பிரான்சிஸுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "அப்போ பெட்டில கோளாறு இல்ல" என்றார். ரமணனுக்கு எண்களை அனுப்பினேன். தொழில் விஷயம் என்பதால்.

நவம்பர் 3, திங்கள்

ஒரு இரும்பு நட்டை நூலில் கட்டி இரண்டாம் கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். நட்டுக்கும் கம்பத்தின் அடிக்கும் நடுவே என் கையை நுழைக்க முடிந்தது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று ஒயர் ஒட்டியிருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. மலைச்சரிவில் எது நேர் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

அங்கிருந்து மேலே இரண்டு வரிசை ஏறினேன். யோகக்காவும் கூடவே வந்தார். தேயிலைச் செடிகளின் அடியில் சருகு மூடியிருந்த இடத்தில் என் வலது கால் முட்டி வரை உள்ளே போனது. சருகை விலக்கினோம். தரை பிளந்திருந்தது. விரிசல் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, லயனின் முழு அகலத்துக்கும் ஓடியது. யோகக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "போன வாரம் இங்க நின்னுதான் கொழுந்து எடுத்தேன். இது இல்லையே புள்ள, இது இல்லவே இல்லையே."

போஜராஜிடம் ஓடினேன்.

"மேடம், நாலு நாளைக்கு முன்னாடி எல்லாம் சரியாயிடுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நான் போய் ஜனங்ககிட்ட என்னன்னு சொல்றது? கம்ப்யூட்டர் மறுபடியும் சொல்லுதுன்னா?"

"கம்ப்யூட்டரை விடுங்க சார். என்கூட மேல வாங்க."

குடையோடு வந்தார். விரிசலைப் பார்த்ததும் குடையை மடக்கி அதன் முனையை உள்ளே விட்டார். கைப்பிடி வரை இறங்கியது. மழையில் நனைந்தபடியே தாலுகா ஆபீஸுக்குப் போன் செய்தார். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, நாளைக்குத்தான் வர முடியும், ஆட்களை நீங்களே அப்புறப்படுத்துங்கள் என்றார்களாம்.

லயனில் யாரும் அசையவில்லை. சின்னக்கருப்பன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டு கை போச்சு. இந்தத் தடவை என்னா, காலா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

சைரன் தானாக அலறாதபடி கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து, கையால் அமுக்கும் பொத்தானில் மட்டும் விட்டேன். அதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். அது ஏற்கெனவே ஒரு முறை பொய் சொல்லிவிட்டது.

காலையில் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி அடித்தேன். யோகக்காவின் தையல் மெஷின் நூலை இரண்டுக்கும் நடுவே, தளர்வாகத் தொங்கும்படி கட்டினேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து பாருங்கள், நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பிளாஸ்டிக் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பார்த்தார்கள். போனார்கள். வீட்டு வேலை முடித்து மறுபடியும் வந்தார்கள்.

"காலையில தொங்குச்சே?" என்றாள் ஒருத்தி.

"இப்ப தொங்கலையே."

மதியத்துக்கு முன் நூல் நேராகிவிட்டது. விறைப்பாக நின்றது. அதைச் சுற்றிப் பதினைந்து பேர் மழையில் நின்றோம். யாரோ ஒருத்தி விரலால் சுண்டினாள். தம்பூரா மாதிரி அதிர்ந்தது. நான் போஜராஜைப் பார்த்தேன், அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நூல் அறுந்தது. சத்தம்கூட வரவில்லை.

யோகக்கா விறுவிறுவென்று இறங்கி வீட்டுக்குள் போனார். ரெகுலேட்டரைக் கழற்றி, கேஸ் சிலிண்டரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடைப் பாலத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே அடுத்த வீட்டுக்காரி கிரைண்டர் கல்லோடு. அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சின்னக்கருப்பன் மட்டும் கடைசி வரை முனகிக்கொண்டே வந்தார்.

பறித்த கொழுந்தை வாடப் போடும் மேல்மாடியை போஜராஜ் திறந்துவிட்டார். ஃபேக்டரி நிற்கும் இடம் பாறை, பயமில்லை. தேயிலை வாசனையில் லயனே படுத்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பார்த்தியா ஒண்ணும் ஆகல என்று ஒவ்வொருவராகச் சாமான் எடுக்கக் கிளம்பினார்கள். போஜராஜ் பாலத்தில் நின்று தடுத்துப் பார்த்தார். சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு நாலைந்து பேர் போனார்கள். சின்னக்கருப்பன் ஆட்டைப் பிடிக்கப் போக, அவரைப் பிடிக்க யோகக்கா போனார்.

நானும் பிரான்சிஸும் திரைக்கு முன்னால். இரண்டாம் கம்பத்தின் எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, வழக்கம்போல. திடீரென்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு எண் சொல்ல ஆரம்பித்தது. ஆறரை. ஏழு. எட்டு. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இரைச்சல். டிரையர் ஃபேன் ஓடுகிறதா என்று பிரான்சிஸைக் கேட்டேன்.

"ஃபேக்டரியே ஓடல மேடம்."

சரிபார்ப்பு எண்ணைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரி. மூன்றாம் கம்பமும் நகரத் தொடங்கியது.

"அமுக்கட்டுமா?" பிரான்சிஸின் கை சைரன் பொத்தானுக்கு மேல் இருந்தது.

"அமுக்குங்க! அமுக்குங்க!"

அலறியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கரையில் இருந்தவர்கள் நின்று நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது, எனக்கு அந்த நேரம் முடிவே இல்லாதது போல இருந்தது. பிறகு யோகக்கா கையில் இருந்த கோழிக்கூடையை வீசிவிட்டு, மாமனாரின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அதைப் பார்த்து மற்றவர்களும். ஆடு எல்லோருக்கும் முன்னால் பாலத்தைத் தாண்டியது.

திரையில் இரண்டாம் கம்பம்: பதில் இல்லை.

கேபிளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்வெர்ட்டரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினேன். மூன்றாம் கம்பம்: பதில் இல்லை. வேறு போர்ட்டில் மாற்றினேன். ஒயரைத் திருகினேன். நான்கு: பதில் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து ஒட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மேடம்." பிரான்சிஸ் என் தோளைத் தொட்டார். "ஒயரை விடுங்க. வெளிய பாருங்க."

தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நின்றபடியே கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சரிவு முழுவதும் ஒரே பாயாக நழுவியது. அப்புறம்தான் சத்தம் வந்தது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல. கொட்டி முடியவே இல்லை. யோகக்காவின் வீட்டு ஓடு ஒரு நொடி மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

எல்லோரும் இருக்கிறோம். மேல்மாடியில் உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் போஜராஜ். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

லயனில் பாதி வீடுகள் மண்ணுக்குள். மீதியில் யாரும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். யோகக்கா முதல் நாள் அழவில்லை. இன்று யாரோ புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தபோது அழுதார். அவருடைய தட்டின் விளிம்பில் கல்யாணத் தேதி வெட்டியிருந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

சின்னக்கருப்பன் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் படியில் இறங்கும்போது கூடவே வந்து, விழுந்துவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ரமணன் வந்திருக்கிறான். பஸ் பாதியில் நின்றுவிட்டதால் மீதி தூரம் நடந்தே வந்தானாம். புதுக் கேபிள் கொண்டுவந்திருக்கிறான், அதனால் உபயோகம்தான். வந்ததும் ஓடைக்கரையில் போய் வெகுநேரம் நின்றான். "என் வரி அது, மங்கை" என்றான். "ஆமாம்" என்றேன். சமாதானமாக எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று, தான் செய்தது என்ன என்று ஒளிக்காமல் சொன்னான். யோகக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இப்பவாவது சொன்னீங்களே. கை கழுவிட்டு வாங்க, ரொட்டி இருக்கு."

அவன் சம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டதை நான் தடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் மழை.

எஸ்டேட் முதலாளியும் அதிகாரிகளும் வந்து, பின்பக்கச் சரிவில் புது வீடுகளுக்கு ஒரு இடம் காட்டினார்கள். சமதளமான நிலம், பார்க்க அழகாக இருக்கிறது. தை மாதத்தில் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்றார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று நினைத்தேன்.

யோகக்கா முன்னால் வந்தார். "சார், வீடு அப்புறம் கட்டிக்கலாம். முதல்ல இந்தப் புள்ள இங்க கம்பம் நடட்டும்."

"கம்பமா? அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்றார் அதிகாரி.

"ஒரு மழைக்காலம் பூரா பார்க்கணும்" என்றார் யோகக்கா. "அதுவரைக்கும் நாங்க மாடியிலயே இருந்துக்கறோம். என்ன புள்ள, ஒரு மழை போதுமா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சின்னக்கருப்பனும். ஒரு மழை போதாது, இரண்டு பார்த்தால் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. இத்தனை பேர், இந்தக் குளிரில், அந்த மாடியில். ஆனாலும் சொன்னேன்.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சரி, ரெண்டு" என்றார் யோகக்கா. "எங்க குழி தோண்டணும், காட்டுங்க."

நான் காட்டிய இடத்தில் கடப்பாரை இறங்கியது. ரமணன் மண்ணை அள்ளிப் போட்டான். பாறை தட்டும் வரை தோண்டினார்கள், நான் கேட்காமலேயே.